அலைக்கும் பிளக்குக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலலையில் மின்சாரம் எடுக்கும் பேச்சு வந்தால் மிதவையையும் டர்பைனையும் பற்றியே பேசுகிறோம். நடுவில் இருந்து அந்த மின்சாரத்தைச் சீராக்கி மாற்றித் தரும் கருவிகளை யாரும் கவனிப்பதில்லை.

ஆனி மாதக் காற்றில் வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து அலைகளை எண்ணினேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எட்டு, பத்து விநாடி. ஒன்று கருங்கல்லில் மோதித் தெறிக்கிறது. அடுத்தது சத்தமில்லாமல் அடங்குகிறது. அதில் ஓடும் ஜெனரேட்டரின் வோல்டேஜும் அப்படித்தான் ஏறி இறங்கும். நம் வீட்டு பிளக்கிலோ 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் சீராக வர வேண்டும். அதனால் வரும் மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக (DC) ஆக்கி, கெப்பாசிட்டரிலோ பேட்டரியிலோ ஏற்ற இறக்கத்தைத் தணித்து, அப்புறம் இன்வேட்டரால் வீட்டுக்கு வேண்டிய ஆடலோட்டமாக (AC) ஆக்கி அனுப்புகிறார்கள். பேரலையைத் தாங்கும் அளவுக்கு வாங்கிய கருவி, பெரும்பாலான நேரம் அதில் சிறு பங்கையே சுமக்கும். செலவு ஏறுவது இங்கேதான்.

போதாததற்கு உப்புக்காற்று. கடலோர வீட்டு ஏசியின் வெளி யூனிட்டைக் கழற்றிப் பாருங்கள், போர்டில் செம்பு பச்சை பூத்திருக்கும்.

கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991இலேயே 150 கிலோவாட் அலை மின்நிலையம் அமைத்தார்கள். ஸ்பெயினின் முத்ரிக்குவில் 2011இல் 16 டர்பைன்களுடன் 296 கிலோவாட் நிலையம் வந்தது. சரி, நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டாம். மொரட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணப் பொறியியல் மாணவர்கள் ஒரு சிறிய இன்வேட்டரைக் கடலோரத்தில் வைத்து, இரண்டு பருவமழைக்குச் சோதிக்க இடமும் பணமும் கொடுங்கள்.

வாசகர் ஒருவர்,
கொழும்பு 06