உண்ணிக் காய்ச்சல் என்று எழுதும் முன்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மனித இரத்தத்தில் மலேரியாக் கிருமியைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டிருந்து ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் நான். சென்ற கோடையில் எங்கள் வீட்டு நாய் சோற்றைத் தொடாமல், ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போய்க் கிடந்தபோது, ஒரு தனியார் மருத்துவமனையில் காலில் எடுத்த இரத்தத்தை ஒரே ஒரு கண்ணாடித் தகட்டில் பார்த்துவிட்டு, ‘ஒட்டுண்ணி இல்லை’ என்று எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று டாக்சிசைக்கிளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வேறொரு மருத்துவர் காது நுனியைக் குத்தி எடுத்த துளியில், உண்ணி கடித்துப் பரவும் சிவப்பணு ஒட்டுண்ணியான பேபீசியா தெரிந்தது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களில் தேங்குவதால், காது நுனியில் அது அகப்படும் வாய்ப்பு அதிகம். இதற்கு ஓர் ஊசியும் கீம்சா சாயமும் பொறுமையும் போதும். மூன்றாவதுதான் நெரிசலான வேளையில் கிடைப்பதில்லை.

பேபீசியா என்று கண்டதோடும் வேலை முடிவதில்லை. எந்த இனம் என்றும் பார்க்க வேண்டும். சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் இணையாகத் தெரியும் பெரிய வோகெலி, இமிடோகார்ப் ஊசிக்குப் பொதுவாகக் கட்டுப்படும். சிறு வளையம் போலிருக்கும் ஜிப்சோனியை அந்த ஊசி பெரும்பாலும் ஒழிப்பதில்லை. அட்டோவாக்குவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும். எங்கள் நாய்க்கு இருந்தது இரண்டாவது. 1910ஆம் ஆண்டிலேயே சென்னை வேட்டை நாய்களின் இரத்தத்தில் கண்டு பாட்டன் (Patton) என்ற ஆய்வாளர் விவரித்த இனம் அது. நம் ஊரில் முதலில் அடையாளம் காணப்பட்டதை நம் ஊரிலேயே தவறவிடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

உண்ணிக் காய்ச்சலுக்கு இன்னொரு காரணமான, வெள்ளணுக்களில் தங்கும் எர்லிக்கியாவோ ஒட்டுண்ணி அன்று, பாக்டீரியா. ஆனால் வோகெலியைப் பரப்பும் பழுப்பு நாய் உண்ணிதான் அதையும் பரப்புகிறது. நோய் நாட்பட்டால் அது தகட்டில் அரிதாகவே தென்படும். எதிர்ப்பொருள் சோதனையோ, நோய் குணமான பிறகும் பல மாதங்கள் நேர்முடிவு காட்டக்கூடும்.

ஆகவே, அரசு கால்நடை மருத்துவமனைகளில் காய்ச்சலோடும் இரத்தசோகையோடும் வரும் நாய்களுக்குக் காது நுனித் துளியைப் பார்ப்பதை வழக்கமாக்கவும், தகட்டில் எதுவும் தெரியாதபோது ‘இல்லை’ என்பதற்குப் பதில் ‘காணப்படவில்லை’ என்று எழுதவும், ஐயம் நீடித்தால் முதல் மருந்து கொடுக்கும் முன்பே, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்பவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன். எங்கள் நாயின் காது நுனித் தகடு சாயம் மங்காமல் என்னிடம் இருக்கிறது. தங்கள் ஆய்வக நுட்பநர்களின் பயிற்சிக்கு உதவுமானால், நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர், சென்னை