சுட்ட பன்றியைத் தேடிப் போவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டுப்பன்றிகளைச் சுட வேண்டும் என்று நம் மாவட்ட விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் மறுபடியும் மனு கொடுத்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மனு கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் மக்காச்சோளம் போடுகிறவன்தான். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு கூட்டம் புகுந்துவிட்டால் விடிவதற்குள் காடு படுத்துவிடும். தின்பது கொஞ்சம், சாய்ப்பது நிறைய. வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டினோம், சலூனிலிருந்து முடி வாங்கிவந்து தூவினோம். நாலு நாள் பயந்தது, அப்புறம் பழகிவிட்டது. ஆகையால் சுடலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வனத்துறையில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு இருப்பது வேறு கேள்வி. குண்டு பட்டும் விழாமல் ஓடிப்போன பன்றியின் பின்னால் போகப்போவது யார்?

2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அரசு அறிவித்த ஏற்பாடு பலருக்கும் தெரிந்திருக்கும். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்றிக்குக் கிலோமீட்டர் கல் தெரியாதே! மூன்றரையில் குண்டு வாங்கியது ஓடை வழியாக இரண்டே முக்காலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டால், பின்னால் போகிற காப்பாளர் அங்கே சுடலாமா? மேலதிகாரிக்கு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிற இடமா அது?

துப்பாக்கி பிடித்துப் பழகாதவர்கள், சுட்டால் விழும் என்று நினைக்கிறார்கள். பன்றி அப்படி விழுகிற சாதி இல்லை. வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவுக்கு மேலும் நிற்கும். அதன் தோள்பட்டையின் மேல் தோலுக்கடியில் தடித்துக் கெட்டியான ஒரு படலம் உண்டு. ஆண் பன்றிகள் ஒன்றையொன்று குத்திக்கொள்ளும்போது அதுதான் தாங்கும். நுரையீரலில் நேராகப் பட்டால்கூட நூறு மீட்டர் ஓடிவிட்டுத்தான் சாயும். குடலில் பட்டதென்றால் ராத்திரி முழுக்க உயிரோடு இருக்கும். அதுவும் இங்கே சுடப்போவது ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், ஓடுகிற கூட்டத்தைப் பார்த்து. எல்லாக் குண்டும் நெஞ்சில்தான் படும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்?

நான் வேலையில் இருந்தபோது, மலையடிவாரத்தில் யாரோ கள்ளத்துப்பாக்கியால் சுட்டுவிட்டுத் தப்பித்த பிறகு, காயம்பட்ட பன்றியைத் தேடிப் போக வேண்டி வந்தது. எங்களோடு வந்தவர் பளியர் குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர், தற்காலிகக் காவலர். முதல் ரத்தம் கிடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இலையில் இருந்ததைத் தொட்டு விரலில் தேய்த்தார், முகர்ந்தார். ரத்தம் நுரைத்துச் சிவப்பாக இருந்தால் நுரையீரல், கறுத்திருந்தால் ஈரல். இது தண்ணியாக, சாணி நாற்றத்தோடு இருந்தது. “வயித்துல பட்டிருக்கு சார். இப்பப் போனா ஓடிக்கிட்டே இருக்கும். பேசாம இருங்க” என்றார். அவசரப்பட்டு விரட்டினால் அது மைல் கணக்கில் போகும். விட்டுவிட்டால் பக்கத்திலேயே புதரில் படுத்து ஓய்ந்துவிடும். மத்தியானம் வரை மரத்தடியில் இருந்தோம். எனக்கு அந்தக் காத்திருப்புதான் பெரிய பாடாக இருந்தது.

அப்புறம் நடந்ததை இன்றைக்கும் கண்ணால் பார்க்கிறேன். அவர் தரையை மட்டும் பார்க்கவில்லை. முழங்கால் உயரத்தில் இருந்த இலைகளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு போனார். பன்றி உரசிப் போன பக்கம் ரத்தம் அங்கேதான் ஒட்டியிருந்தது. ஒரு உன்னிப் புதர் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். தடம் புதரைத் தாண்டி நேராகப் போனது. ஆனால் அவர் பார்த்தது எங்களுக்கு இடது பக்கம். அங்கே ஈக்கள் மொய்த்தன. பன்றி முன்னால் போய், வளைந்து திரும்பி வந்து, தன் தடத்துக்குப் பக்கத்திலேயே எங்களைப் பார்த்தபடி படுத்திருந்தது. தடத்தையே பிடித்துக்கொண்டு இன்னும் பத்தடி வைத்திருந்தால் அது எங்களுக்குப் பக்கவாட்டில் இருந்திருக்கும். எழுந்ததும் உறுமவில்லை, நேரே வந்தது. ரேஞ்சர் சுட்டார். பன்றி பெரியவர் காலுக்கு இரண்டு முழம் முன்னால் விழுந்தது.

கவனியுங்கள், “பெரியவர் காலுக்கு”. துப்பாக்கி வைத்திருந்தவர் பின்னால், வெறுங்கையோடு இருந்தவர் முன்னால். தடம் பார்க்கிறவன் கீழே பார்த்தாக வேண்டும், அதனால் எதிரே பார்க்க முடியாது. அவனுக்குப் பதிலாக எதிரே பார்க்கத்தான் துப்பாக்கிக்காரன். இந்த வேலையே அப்படித்தான் அமைந்திருக்கிறது, ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பணம் கட்டி எருமை சுட வருகிற வெளிநாட்டுக்காரர் காயப்படுத்தினால், அடர்ந்த புதருக்குள் அதைத் தேடி முடிக்கும் பொறுப்பு கூட்டிப்போன தொழில்முறை வேட்டை வழிகாட்டியுடையது. அவருக்கும் முன்னால் உள்ளூர்த் தடம் பார்ப்பவர் நடப்பார். சுட்டவர் வண்டியில் உட்கார்ந்திருக்கலாம்.

பன்றி குத்துவது பெரும்பாலும் தொடையில். தலையைத் தாழ்த்தி வந்து கோரைப்பல்லால் கீழிருந்து மேலே கிழிக்கும். தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் நிமிடக் கணக்குதான். நம் பக்கம் மரம் ஏறித் தப்பிக்கக்கூட வழியில்லை. காட்டை விட்டு வந்த பன்றிகள் கண்மாயிலும் ஓடையிலும் சீமைக்கருவேலத்துக்குள்தான் குடியிருக்கின்றன. அந்த முள்ளில் எவன் ஏறுவான்? இரண்டடி உயரத்தில் பன்றி போன பாதையில் நாம் தவழ்ந்துதான் போக முடியும். மக்காச்சோளக் காடு அதைவிட மோசம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பயிருக்குள் இரண்டு சால் தள்ளி என்ன நிற்கிறது என்று தெரியாது. தட்டை அசைவது காற்றா பன்றியா என்றும் தெரியாது.

இதோடு ஊர்க்கூட்டம். சுட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு பையன்கள் ஓடி வருவார்கள். ரத்தத் தடத்தை மிதித்துக் கலைப்பார்கள், நாலு பக்கமும் சத்தம் போடுவார்கள். படுத்திருந்தது எழுந்து வரும். பன்றியைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன்.

2021 செப்டம்பர், அக்டோபரில் நீலகிரியின் மசினகுடிப் பக்கம் டி23 என்று வனத்துறை எண் கொடுத்திருந்த புலியைத் தேடியபோது கும்கி யானைகள், ட்ரோன், மோப்ப நாய், கால்நடை மருத்துவர்கள் எல்லாரும் வந்து, மூன்று வாரம் அலைந்து உயிரோடு பிடித்தார்கள். புலிக்குச் செய்தது சரிதான். பன்றி என்றதும் ஒரு காப்பாளர், ஒரு பழைய டபுள் பேரல் துப்பாக்கி, ஒரு தற்காலிகக் காவலர், செருப்புக் கால். இதுதான் ஏற்பாடு என்றால் எப்படி?

ஜெர்மனியில் காயம்பட்ட விலங்கை வலியில் விட்டுவிடக் கூடாது என்று வேட்டைச் சட்டமே சொல்கிறது. அதற்கென்று பழக்கிய நாய்களை நீண்ட வாரில் கட்டித் தடம் பிடிக்க வைக்கிறார்கள். பன்றி குத்தாமலிருக்க நாய்க்குக் கவச உடை, ஆளுக்குக் கிழியாத கால்சட்டை. நமக்கு அவ்வளவு வேண்டாம். உத்தரவில் சில வரிகள் சேர்த்தால் போதும். சுட்ட பன்றி கிடைக்கும் வரை தேடுவது கட்டாயம் என்றும், ராத்திரி காயப்பட்டதை விடிந்த பிறகே தேட வேண்டும் என்றும், தேடி முடிக்கும் வரை கிராம நிர்வாக அலுவலரும் போலீசும் ஊராரைத் தள்ளி வைக்க வேண்டும் என்றும் எழுதட்டும். காயம்பட்டது எல்லைக்கோட்டைத் தாண்டினால் என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும். தடம் பார்க்க வருகிற பளியருக்கோ இருளருக்கோ தற்காலிகக் காவலருக்கோ காப்பீடு, காலுறை, ரத்தம் கட்டுகிற கட்டுத்துணி, அன்றைய கூலிக்கு மேல் ஒரு படித்தொகை. தோட்டாவுக்குக் கணக்கு எழுதுகிற பதிவேட்டிலேயே இவர்கள் பெயரும் ஏற வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பன்றி மனுவை எடுக்கும்போது மாவட்ட வன அலுவலரிடம் இதையும் கேட்குமாறு ஆட்சியரைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மனு கொடுத்த விவசாயிகளும் சேர்ந்து கேட்டால் நல்லது. குண்டு பட்ட பன்றி போய்ப் படுக்கப்போவது அவர்கள் காட்டில்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வனக்காப்பாளர்,
வத்திராயிருப்பு வட்டம், விருதுநகர் மாவட்டம்.