ரெக்கார்டை மாற்றும் முன் முள்ளைப் பார்க்கிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாக ஒரே ரெக்கார்டு நம் கடைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது: டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்'. "முதல் பக்கம் கடைசியில குரல் பிசிறடிக்குது, வேற கொடுங்க" என்பதுதான் எல்லாருடைய புகாரும். இனி இப்படி வரும் ரெக்கார்டை மாற்றித் தருவதற்கு முன், உங்கள் டர்ன்டேபிளின் முள்ளைப் பார்க்கப் போகிறோம். உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

இந்த ரெக்கார்டில் இருப்பவை 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும், 17ஆம் தேதி டோக்கியோ புடோகான் அரங்கிலும் நடந்த கச்சேரிகள். லைவ் ரெக்கார்டு என்றால் தங்கள் எஞ்சினியர் மார்ட்டின் பிர்ச்தான் பதிவு செய்ய வேண்டும் என்று குழு பிடிவாதமாக நின்றது. அந்தப் பிடிவாதத்தின் பலனை இன்றும் கேட்கலாம். இடப்பக்க ஸ்பீக்கரில் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன் உறுமும், வலப்பக்கத்தில் பிளாக்மோரின் கிதார். எங்களைக் கேட்டால், மேடைக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்கும் ராக் ரெக்கார்டு இதைப்போல் வேறில்லை.

முதல் பக்கத்தில் இரண்டே பாட்டு. இரண்டாவது, பன்னிரண்டு நிமிடம் ஓடும் 'சைல்ட் இன் டைம்'. பாடகர் இயன் கில்லன் முணுமுணுப்பில் தொடங்கி அலறலில் போய் நிற்பார். அந்த அலறல் விழுவது ரெக்கார்டின் உள்பகுதியில். சிக்கலே அங்கேதான். ரெக்கார்டு ஒரு சுற்று சுற்ற 1.8 வினாடி. வெளி விளிம்பில் அந்த நேரத்துக்குள் முள் ஏறக்குறைய 90 செ.மீ. ஓடுகிறது; லேபிளை நெருங்க நெருங்க அது 40 செ.மீ. வரை சுருங்கிவிடும். அதே அளவு இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி அடைத்திருக்கிறது. முள்ளில் சின்னக் குறை இருந்தாலும் ஆர்கனும் டிரம்ஸும் தப்பித்துவிடும், உச்சக் குரல் கிழிந்துவிடும்.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் டர்ன்டேபிளையே தூக்கிக்கொண்டு வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தால், முள்ளின் நுனியில் பஞ்சுபோல் ஒரு தூசிக் கட்டி. முள் ரெக்கார்டை அழுத்தும் எடையைத் தராசில் பார்த்தோம்: 1.1 கிராம். அவருடைய காட்ரிட்ஜுக்கு, அதாவது முள் பொருந்தியிருக்கும் சின்னப் பெட்டிக்கு, 1.8 முதல் 2.2 வரை வேண்டும். "ரெக்கார்டு தேயக்கூடாதுன்னு நான்தான் வெயிட்டைக் குறைச்சு வெச்சேன்" என்றார். நல்ல எண்ணம்தான், ஆனால் விளைவு நேர் எதிர். எடை போதாவிட்டால் முள் பள்ளத்தில் ஒட்டி ஓடாமல் துள்ளும்; துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தும். தூசியைத் தட்டி, 2 கிராமில் வைத்து, அவர் கொண்டுவந்த அதே ரெக்கார்டைப் போட்டோம். இரண்டே தடவை ஓடியிருந்ததால் பிழைத்துக்கொண்டது. அலறல் முழுசாக வந்தது. மனிதர் பாட்டு முடியும்வரை உட்காரவே இல்லை.

மாதக்கணக்கில் அப்படி ஓடியிருந்தால் அந்தச் சேதத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. அதனால்தான் முதலிலேயே பார்த்துவிட நினைக்கிறோம்.

இன்னொன்று. சத்தம் மெலிந்து, பேஸே (அடி ஒலியே) இல்லாமல் கேட்டால், வயரை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் என்ற பொது இணைப்பில் செருகியிருப்பீர்கள். ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள்; டர்ன்டேபிளுக்கென்றே உள்ள ஃபோனோ இணைப்புதான் அதைத் திருப்பிச் சமன் செய்யும்.

துளை மையம் தவறியிருந்தாலோ, தட்டு வளைந்திருந்தாலோ தவறு ரெக்கார்டில்தான். கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறோம்.

எடை பார்க்கவும் துடைக்கவும் கட்டணம் கிடையாது. டர்ன்டேபிளைக் கொண்டுவருகிறவர்கள் முள்ளுக்கு மூடி போட்டு, முள்ளைத் தாங்கும் கையை அதன் ஸ்டாண்டில் கட்டி, மேல்தட்டைத் தனியாகக் கழற்றி எடுத்து வாருங்கள். தூக்கிவர முடியாதவர்களுக்குச் சின்னத் தராசு ஒன்றை இரண்டு நாள் இரவல் தருகிறோம். காட்ரிட்ஜின் பெயரை மட்டும் ஒரு சீட்டில் குறித்து வந்தால், எத்தனை கிராம் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் ரெக்கார்டு கடையிலிருந்து