ஓடும் மெஷினைக் கழற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் தொழில் பக்கத்தில் வந்த தடுப்புப் பராமரிப்பு பற்றிய கட்டுரையைப் படித்தேன். பராமரிப்பு என்று ஒரு பிரிவு இருப்பதே பிரேக்டவுன் ஆகும்போதுதான் பலருக்கு நினைவு வரும். அதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை சொல்லும் தீர்வு எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆயுளைக் குறித்து வைத்து, கெடு வந்ததும் கழற்றிப் புதிதாக மாற்றிவிட்டால் பழுதே வராது என்று எழுதியிருந்தார்கள். பம்ப், கம்ப்ரசர், கியர்பாக்ஸ் என்று சுழலும் இயந்திரங்களில் ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் திறப்பதும் ஆபத்தான வேலைதான் என்பதை அந்தக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

எந்த ஆலையிலாவது இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரிடம், இன்றைக்கு எந்த மெஷின் மேல் கண் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வருடக்கணக்காக முனகிக்கொண்டு ஓடும் பழைய பம்பைச் சொல்ல மாட்டார். நேற்று ஓவர்ஹால், அதாவது முழுதாகக் கழற்றிச் சரிசெய்து மாட்டும் வேலை, முடிந்து வந்ததைத்தான் சொல்வார். காரணம் இருக்கிறது. இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் லேசாக மடிந்து உட்கார்ந்திருக்கலாம். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைக்காமல் போல்ட்டைக் கை வாக்கில் முறுக்கியிருக்கலாம். ஆயில் சீலை ஏற்றும்போது ஷாஃப்டில் வெட்டியிருக்கும் கீவே பள்ளத்தின் விளிம்பு பட்டு அதன் உதடு கிழிந்திருக்கலாம். ஷாஃப்டில் ஏற்றும் பேரிங்கை ஹீட்டரில் சூடாக்காமல், அதன் வெளி வளையமான அவுட்டர் ரேஸில் சுத்தியலால் தட்டி ஏற்றியிருக்கலாம். அப்படித் தட்டும் ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாக இறங்கி, அவை ஓடும் பாதையில் சின்னச் சின்னப் பள்ளங்களைப் பதித்துவிடும். பேரிங் புதிது, சீல் புதிது, கேஸ்கெட்டும் புதிது. மெஷின் மட்டும் முன்பைவிட மோசம்.

இது எங்களைப் போன்ற ஃபிட்டர்களின் புலம்பல் மட்டும் அல்ல. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943 வாக்கில், பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் விமானங்கள் பல பழுது பார்க்கும் ஷெட்டிலேயே முடங்கிக் கிடந்தன. ஏன் என்று ஆராய்ந்த குழுவில் இருந்தவர் சி.ஹெச். வாடிங்டன். படிப்பால் அவர் உயிரியலாளர். அந்த விமானங்களுக்கு 50 பறப்பு மணிக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை உண்டு. எதிர்பாராமல் வந்த பழுதுகளை அந்தக் கால அளவில் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். சோதனை முடிந்த கையோடு பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த சோதனை முடிந்ததும் மறுபடி எகிறின. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதுக்கு வழி செய்திருந்தது. சோதனைகளுக்கு இடையே உள்ள காலத்தை நீட்டினார்கள், தேவையற்ற வேலைகளை நீக்கினார்கள். விமானங்கள் பறக்கும் நேரம் கூடியது.

அதே துறையில் இன்னொரு சான்றும் உண்டு. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த விமான பாகங்களில் 89 சதவீதத்துக்கு, இத்தனை மணி ஓடியதும் மாற்று என்று கெடு வைப்பதால் பலன் இல்லை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறோர் எண். 68 சதவீத பாகங்கள் பழுதாகும் வாய்ப்பு, பொருத்திய புதிதில்தான் மிக அதிகம். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் பிறகு ஒரே சீராக ஓடும். பழைய முறைப்படி டிசி-8 விமானத்தில் பெரிய சோதனைக்கான இடைவெளியை 20,000 மணிக்குக் கொண்டுவர 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆள்-மணி நேரம் செலவானது. அதைவிடப் பெரிதும் சிக்கலானதுமான 747-க்கு, எதற்குப் பலன் உண்டு என்று பிரித்துப் பார்த்துச் செய்யும் புதிய முறையில் அதே இடைவெளியை எட்ட 66,000 ஆள்-மணிதான் ஆனது. விமானத்தின் கணக்கை அப்படியே கல் உடைக்கும் கிரஷருக்குக் கொண்டுபோக முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தூசியிலும் அரிப்பிலும் ஓடும் மெஷினில் வயதால் தேய்பவை அதிகமாகவே இருக்கும். ஆனாலும் எது தேய்கிறது, எது தேய்வதில்லை என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கெடு குறிப்பது வீண் வேலை.

பேரிங்கையே எடுத்துக்கொள்வோம். கேட்டலாக்கில் போட்டிருக்கும் ஆயுள், நூறு பேரிங்கில் தொண்ணூறு தாண்டிவிடும் என்று கணக்கிட்ட மணி நேரம். மீதிப் பத்தும் அதற்கு முன்னாலேயே போகலாம். தொண்ணூறில் பல அதைப் போல் பல மடங்கு ஓடலாம். அப்படியானால் எந்தத் தேதியில் மாற்றுவது? சீக்கிரம் மாற்றினால் நல்லதைத் தூக்கிக் குப்பையில் போடுகிறோம். அப்போதும் அந்தப் பத்தைப் பிடிக்க முடியாது. உண்மையில் பேரிங் வயதாகிச் சாவதே அபூர்வம். அழுக்கு, தண்ணீர், தப்பான கிரீஸ், அளவுக்கு மிஞ்சிய கிரீஸ், சரியில்லாத அலைன்மென்ட் (இணைந்து சுழலும் இரு ஷாஃப்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்பது) ஆகியவைதான் அதைக் கொல்கின்றன. கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால், மேலே ஒட்டியிருந்த மண் நேராகப் பேரிங்குக்குள் போகிறது. நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியா கிரீஸை ஏற்றினால், இரண்டும் ஒத்துப்போகாமல் இளகி வழிந்துவிடலாம். கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்று பேரிங் உட்காரும் கூடான ஹவுசிங் நிறைய அடைத்தால் கிரீஸ் கடையப்பட்டுச் சூடேறும். சூட்டில் எண்ணெய் பிரிந்து போகும். குறைவாகப் போட்டதால் செத்த பேரிங்கையும், அதிகமாகப் போட்டதால் செத்த பேரிங்கையும் நான் ஒரே வராந்தாவில் பார்த்திருக்கிறேன்.

அலைன்மென்ட்டும் அப்படித்தான். மோட்டாரின் நான்கு கால்களில் ஒன்று பேஸ் பிளேட்டில் முழுதாக உட்காராமல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டை இறுக்கினால் பாடியே முறுகி உட்காரும், ஷாஃப்டின் போக்கு மாறிவிடும். அதைக் கண்டுபிடிக்க அந்தக் காலின் மேல் நுண்ணிய அசைவைக்கூட முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, அந்த ஒரு போல்ட்டை மட்டும் மெதுவாகத் தளர்த்த வேண்டும். முள் நகர்ந்தால் கால் எழும்புகிறது என்று அர்த்தம். எவ்வளவு நகர்ந்ததோ அந்தத் தடிமனுக்கு ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்துவிட்டு, அடுத்த காலுக்குப் போக வேண்டும். நான்கு காலும் முடிந்த பிறகே இரு ஷாஃப்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கில் கை வைக்கலாம். இதைப் பொறுமையாகச் செய்து முடிக்க அரை ஷிஃப்ட்கூட ஆகிவிடும். அந்த நேரத்தைக் கொடுக்க மனம் வராமல், 'ஸ்டார்ட் பண்ணுங்கப்பா, ஓட்டத்தில் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் சூப்பர்வைசர்கள் எல்லா ஆலையிலும் உண்டு. அந்த மோட்டாருக்குக் கீழே எப்போதோ எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிச் செருகிய தகரத் துண்டுகள் துருவேறிக் கிடக்கும். புதுப் பேரிங் சீக்கிரமே போகும். பேரிங் கம்பெனியைத் திட்டுவார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'பார்த்தாயா, ஓடுகிற மெஷினைத் தொடாதே என்று நான் அப்போதே சொன்னேன்' என்று எந்த மேலாளரும் குதிக்க வேண்டாம். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் 261 பசிபிக் கடலில் விழுந்து, அதில் இருந்த 88 பேரும் இறந்தார்கள். வால் பகுதியின் சாய்வை மாற்றும் நீண்ட திருகில் போதுமான கிரீஸ் இல்லாமல் நட்டின் மரைகள் தேய்ந்து அறுந்துபோயிருந்தன. கிரீஸ் போடும் இடைவெளியையும், தேய்மானத்தை அளக்கும் இடைவெளியையும் படிப்படியாக நீட்டிக்கொண்டே போனதும் அதற்கு ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. இடைவெளியை நீட்டுவதற்கு ஆதாரம் வேண்டும். வாடிங்டன் குழு எண்களைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டியது. நம் ஆலைகளில் உற்பத்தி இலக்கைப் பார்த்து நீட்டுகிறார்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? பெரும்பாலான பழுதுகள் சொல்லிவிட்டுத்தான் வரும். பேரிங்கில் வெடிப்பு விழுந்தால் முதலில் அல்ட்ராசவுண்டிலும் வைப்ரேஷன் மீட்டரிலும் தெரியும். பிறகு காதுக்குக் கேட்கும். கை வைத்தால் சுடுகிற நிலைக்கு வந்துவிட்டால் முடிவு நெருங்கிவிட்டது. முதல் அறிகுறிக்கும் மெஷின் நிற்பதற்கும் நடுவில் எவ்வளவு காலம் இருக்கிறதோ, அதில் பாதிக்கு ஒருமுறையாவது பார்த்தால் பிடித்துவிடலாம். இரண்டு மாத அவகாசம் தரும் பழுதை வருடம் ஒருமுறை தேடினால் கிடைக்குமா? தேதி வைத்துச் செய்ய வேண்டியவையும் உண்டுதான்: ஃபில்டர், தேயும் லைனர், பிரேக் லைனிங். சுத்தம் செய்வதை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. மோட்டாரின் வெளிப் பள்ளங்களில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான வைண்டிங்கின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் மின்காப்பான இன்சுலேஷன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின் பிரிவில் பழைய கணக்கு. ஒரு பிரஷ்ஷும் பத்து நிமிடமும் போதும்.

தேதி தவறாமல் சோதித்தே ஆக வேண்டிய வேறொரு கூட்டம் இருக்கிறது. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் சேஃப்டி வால்வு, நெருப்பு அணைக்கும் பம்ப், ஸ்டாண்ட்பை ஜெனரேட்டர் போன்றவை. இவை கெட்டுப் போனாலும் உற்பத்தி நிற்காது, யாருக்கும் தெரியாது. தேவைப்படும் நாளில்தான் தெரியும். 1984 டிசம்பரில் போபாலில், வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயில் அரித்துப்போன ஒரு துண்டைக் கழற்றியிருந்தார்கள். மாற்றுத் துண்டு இன்னும் பொருத்தப்படாமலே இருந்தது. தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரமும் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆலை ஓட இரண்டுமே தேவைப்படவில்லை என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தி சென்சார்களைப் புகழ்ந்திருந்தது. நல்லதுதான், நான் எதிரி அல்ல. ஆனால் திரையில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஷட்டவுன் கொடுக்க யாரும் முன்வராவிட்டால், நின்றுபோகப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

செக்லிஸ்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு கியர்பாக்ஸை ரிப்பேருக்காக வெளியே அனுப்பியிருந்தோம். அது இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகள்தான் மிச்சம். அந்த வாரம் முழுவதும் 'எண்ணெய் மட்டம் சரி, சத்தம் இயல்பு' என்று டிக் விழுந்திருந்தது, ஏழு நாளுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. டிக் போட்ட பையனை எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. ஒரு ஷிஃப்ட்டில் நடந்து முடிக்க முடியாத நீளத்துக்குப் பட்டியல் தயாரித்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. ஜப்பானில் நிப்பன்டென்சோ நிறுவனம் 1971-இல் பெயர் வாங்கிய முறையில், துடைப்பது, எண்ணெய் விடுவது, போல்ட்டை இறுக்குவது எல்லாம் மெஷினை ஓட்டுபவரின் வேலை. தினமும் துடைக்கிற கைக்குப் புதிய கசிவு உடனே தட்டுப்படும். அதை நம் ஊர் ஆலைகள் போஸ்டராக ஒட்டிக்கொண்டன. துடைக்க நேரம் மட்டும் ஒதுக்கவில்லை.

கடைசியாக, ஷிஃப்ட் மாற்றம். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் பராமரிப்புக்காக ஒரு பம்பின் சேஃப்டி வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் மூடித் தட்டு வைத்திருந்தார்கள். வால்வு இல்லை என்ற தகவல் அடுத்த ஷிஃப்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோகவே, இதை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். கழற்றும் வேலை பகலில் ஒழுங்காகவே தொடங்கியது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த முறை இதே பொருளில் எழுதும் தங்கள் நிருபர் மேலாளர் அறையில் பவர்பாயின்ட் பார்த்தால் போதாது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கன்ட்ரோல் ரூமில் லாக்புக் கிடக்கும் மேசைக்குப் பக்கத்தில் நிற்கட்டும். தள்ளிப்போட்ட வேலைகளின் பட்டியல் எங்கே, ஒவ்வொன்றையும் தள்ளிப்போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் யார், ஓவர்ஹால் முடிந்து முதல் வாரத்துக்குள் நின்ற மெஷின்கள் எத்தனை என்று கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான ஆலைகளில் எண்ணே இருக்காது, ஏனென்றால் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. அதையும் அப்படியே பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன்