ஆர்கனை விற்றுவிடாதே

ஆஸ்டின்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. தப்புதான், வேண்டிய மட்டும் திட்டு. மகன் வீட்டில் எல்லோரும் நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். என் முழங்கால் பழையபடியே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் காம்போ ஆர்கனை, அதுதான் கச்சேரிக்குத் தூக்கிப்போகிற அந்தச் சின்ன மின்சார ஆர்கனை, யாருக்கோ தள்ளிவிடப் போகிறாய் என்று பானு போனில் சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அதே வாரம்தான் இங்கே ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் 'பார்ட்டி வீக்கெண்ட்' கிடைத்தது. ஜோ 'கிங்' கராஸ்கோ அண்ட் தி கிரவுன்ஸ் என்ற டெக்சஸ் குழு, 1983இல் போட்ட ஆல்பம். அந்த ஆள் மேடையில் கிரீடமும் அங்கியுமாக ஏறி, கிடாரோடு கூட்டத்துக்குள் குதித்துவிடுவாராம். தன் இசைக்கு அவர் வைத்த பெயர் 'நுவேவோ வேவோ'. நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. 'மூணு கார்டு (சேர்த்து அழுத்தும் சுரக்கொத்து), ஒரே ஆட்டம், இதில் என்ன இருக்கு?' என்பாய். மேலமாசி வீதி மாடியில் விடிய விடியப் போட்ட சண்டைதானே! இந்த முறை நான் விடப்போவதில்லை.

ஊசியை வைத்ததும் என் காதில் விழுந்தது ஆர்கன். அந்தக் குழுவில் ஃபார்ஃபிசா என்ற இத்தாலிய ஆர்கனை வாசித்தவர் கிரிஸ் கம்மிங்ஸ் என்ற பெண். மூக்கால் பேசுகிற மாதிரி மெல்லிய சத்தம். வித்தை ஒன்றும் காட்டுவதில்லை. ட்ரம்ஸ் அடிக்கு நடுவே குட்டிக் குட்டியாகக் கார்டைக் குத்திக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டால் ஒரு காலும் ஆடாது. கல்யாணக் கச்சேரிகளில் நீ செய்ததும் இதைத்தானே?

அப்புறம் தேடிப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டில் டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் போல்கா என்ற துள்ளல் நடன இசையையும், கையால் விரித்துச் சுருக்கி வாசிக்கும் அக்கார்டியனையும் கொண்டுவந்தார்கள். மெக்சிகோ வழிவந்தவர்கள் அதைப் பாஹோ செக்ஸ்தோ என்ற பன்னிரண்டு கம்பி கிடாரோடு சேர்த்துத் தங்கள் இசையாக்கிக்கொண்டார்கள். 1960களில் சில குழுக்களில் அக்கார்டியன் இருந்த இடத்துக்கு மின்சார ஆர்கன் வந்து சேர்ந்தது. சான் அன்டோனியோ பையன்கள் சிலருக்கு, பிரிட்டன் குழு என்று நினைத்து வாங்கட்டும் என்று 'சர் டக்ளஸ் குவின்டெட்' என்று பெயர் வைத்தார் அவர்கள் தயாரிப்பாளர். பெயர்தான் இங்கிலாந்து, ஆர்கனில் துள்ளியது அதே போல்கா. கராஸ்கோ பிடித்துக்கொண்டது அந்த நூலைத்தான்.

இன்னொன்று கேள். 1946இல் ஃபார்ஃபிசா உருவானதே இத்தாலியின் மூன்று அக்கார்டியன் நிறுவனங்கள் ஒன்று சேர்ந்ததால்தான்! அக்கார்டியன் எழுந்த நாற்காலியில் அதன் சொந்தத் தம்பியே வந்து உட்கார்ந்திருக்கிறான். இதைப் படித்தபோது பக்கத்தில் நீ இல்லையே என்று இருந்தது.

(பாஸ்கர் நம்பமாட்டான், ஆனாலும் சொல்லிவிடு: கராஸ்கோ குழுவின் 1982 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு மைக்கேல் ஜாக்சன் கூடப் பாடியிருக்கிறார்.)

சேகர், இவ்வளவு நாள் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பா இறந்த வருஷம் நான் யாரோடும் பேசாமல் கிடந்தேன். அலங்காநல்லூர் கல்யாணத்தில் நீ என்னை மேடைக்கு இழுத்து டேம்பரினைக் கையில் திணித்தாய். ஏதோ ஒரு ஆட்டப்பாட்டு. நீ கார்டைக் குத்தக் குத்த என் கை தானாக அடித்தது. அன்று இரவு பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அதைப் போய் வெறும் வயிற்றுப்பிழைப்பு என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நாலைந்து கட்டைகள் ஒலிப்பதில்லை என்று பானு சொன்னாள். ஆள் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம், செலவு என்னுடையது. ஜனவரியில் இந்தத் தட்டோடு வருகிறேன். அதுவரை போர்வையைப் போர்த்தி, எலி ஏறாத இடமாகப் பார்த்து வை.

உன்,
ராமு