குதிரை லாயத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இங்கிலாந்து மாளிகைகள் கட்டுரையில் டெர்பிஷயரில் உள்ள சாட்ஸ்வொர்த்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். கூரை ஓவியம், படிக்கட்டு, நூலகம் எல்லாம் சரி. வடகிழக்கே மேட்டில் நிற்கும் குதிரை லாயத்துக்கு ஒரு வரிகூட இல்லையே! என்னைக் கேட்டால், கட்டடக்கலையில் ஆசை உள்ளவர்கள் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

மாளிகையின் சொந்தக்காரரான நான்காம் டெவன்ஷயர் கோமகனுக்காகக் கட்டடக்கலைஞர் ஜேம்ஸ் பெய்ன் வடிவமைத்தது அது. 1758 வாக்கில் வேலை தொடங்கியது. பக்கத்துக்கு ஏறக்குறைய 190 அடி, இரண்டு தளம், நடுவில் முற்றம். வாசலில் பட்டை பட்டையாகக் கல் அடுக்கிய டோரிக் என்ற பழைய கிரேக்கப் பாணியில் நான்கு தூண்கள். மேலே முக்கோண முகப்பில் குடும்பச் சின்னம். அதிலுள்ள ஆளுயரக் கலைமான்களுக்கு நிஜக் கொம்பையே பொருத்தியிருக்கிறார்கள். அதற்கும் மேலே மணிக்கூண்டு. இத்தனை ஆடம்பரமும் 80 குதிரைகளுக்காக! லாயத்துக்கென்றே கொல்லன் பட்டறை இருந்தது. மாடியில் தானியக் கிடங்கும் லாயத்து ஆட்கள் தங்கும் அறைகளும். ஓர் அறைக் கதவில் 'மூன்றாம் போஸ்டிலியன்' என்ற எழுத்து இன்னும் அழியவில்லை. சாரட்டு இழுக்கும் குதிரை மேலேயே உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அந்தப் பெயர். 1939இல் கடைசிக் குதிரைகளும் போய்விட்டன; இப்போது அங்கே உணவகமும் கடைகளும்.

அப்புறம் அந்தத் தோட்டச் சுவர். ஆங்கிலத்தில் 'கன்சர்வேட்டிவ் வால்', அதாவது செடிகளைக் காக்கும் சுவர் என்பார்கள். தோட்டத்திலிருந்து லாயத்தை நோக்கிச் சரிவில் ஏறுகிறது. தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் 1838இல் எழுப்பியது. உள்ளே புகைக்குழாய் போல வழிகள் விட்டிருந்தார். நெருப்பு மூட்டினால் சூடான புகை சுவருக்குள்ளேயே சுற்றி வரும். அந்தக் கதகதப்போடு தெற்கு வெயிலும் சேர, உறைபனியில் பூ கருகாமல் பழமரங்கள் தப்பித்துக்கொள்ளும். கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் ஒழிந்தது. 1848இல் சுவரின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மாட்டிவிட்டார். மூன்றே ஆண்டில் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற பிரம்மாண்டக் கண்ணாடிக் கட்டடத்தைக் கட்டியவரும் இவரேதான். சாட்ஸ்வொர்த்தில் அவர் கட்டிய பெரிய கண்ணாடி மாளிகையை 1920இல் தகர்த்துவிட்டார்கள். சுவருக்கு ஆயுள் கெட்டி, இன்றும் நிற்கிறது.

கடைசியாக ஒன்று. கட்டுரையின் இறுதிப் படத்தில், மாளிகைக்குப் பின்னே தெரியும் கோபுரத்தைத் தேவாலயம் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது இந்த லாயத்தின் மணிக்கூண்டு. இணையப் பதிப்பிலாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி