நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்காதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம்மா" என்று நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. ஃபோலிக் ஆசிட் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் உறுதியானதும் டாக்டர் எழுதித் தருவாங்க" என்றாய். அந்த வார்த்தைதான் நெருடிக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வயிற்றில் இருந்தபோது எனக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில். உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது, அவ்வளவு சின்ன மஞ்சள் மாத்திரை. ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன். அது முக்கியமாக எந்த வேலைக்குத் தேவையோ, அந்த வேலை அதற்குள் முடிந்தே போயிருந்தது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. முன்கூட்டியே ஆரம்பிக்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நீ நல்லபடியாகப் பிறந்தாய். அது என் பாக்கியம்.

கரு உருவான மூன்றாவது வாரத்தில், பிள்ளையின் முதுகுப் பக்கம் தட்டையான ஒரு ஏடு மாதிரிதான் இருக்கும். அதன் இரண்டு ஓரமும் மெல்ல எழும்பி, வளைந்து, நடுவில் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போய் ஒரு குழாயாகும். மேல் பக்கம் மூளை, கீழே தண்டுவடம். கரு உருவான 28 நாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்தக் குழாய் சரியாக மூடுவதற்குத்தான் ஃபோலிக் ஆசிட் சத்து தேவை. அப்போது கரு ஓர் எள்ளு அளவுதான். மேல்முனை மூடாமல் போனால் அந்தப் பிள்ளை பிழைக்காது. கீழே மூடாமல் போனால் முதுகில் திறப்போடு பிறக்கும், கால்கள் செயலிழக்கக்கூடும்.

கணக்குப் போட்டுப் பார். நாள் தள்ளிப்போனது உனக்குத் தெரியும்போதே கருவுக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கும். அப்புறம் டெஸ்ட், டாக்டரைப் பார்க்க ஒரு தேதி என்று இன்னும் இரண்டு வாரம் போனால் குழாய் மூடியாகிவிட்டது. அதனால்தான் கருத்தரிக்க ஒரு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்து, கர்ப்பத்தின் 12 வாரம் வரைக்கும் தினமும் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறார்கள். அரை மில்லிகிராம்கூட இல்லை.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. முன்பு ஒரு பிள்ளைக்கு இந்தக் குழாய் மூடாத குறை வந்த தாய்மார்களை வைத்துப் பல நாடுகளில் ஓர் ஆய்வு நடந்து 1991இல் முடிவு வந்தது. ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்கு அதே குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

கீரை நிறையச் சாப்பிடுகிறேன் என்பாய். சாப்பிடு, நல்லதுதான். இந்தச் சத்தை 1941இல் கீரை இலையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு 'ஃபோலியம்', பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் வேகவைத்தால் பாதி சத்து தண்ணீரோடு போய்விடும், மீதியும் மாத்திரை அளவுக்கு உடம்பில் சேராது. கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

அதற்காகப் பெரிய அளவு மாத்திரையை நீயாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர்களே அளவைக் கூட்டுவார்கள். நீ அசைவம் தொடுவதில்லை, அதனால் வைட்டமின் பி12 எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவை ரத்தத்தில் பார்த்துவிடு. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிடை அதிகமாகச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்குக் குறை வருவது உண்டு. அப்படி யாரையாவது பார்த்தால், மாத்திரை சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிடாதே.

மாப்பிள்ளையிடமும் இதைப் படிக்கக் கொடு. இந்த வாரமே டாக்டரைப் பார்த்துவிட்டு, மாத்திரையைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன், ஆரம்பித்தாயா என்றுதான் முதலில் கேட்பேன்.

அன்புடன்,
அம்மா